ஏட்டையா ஸ்டிக்கர்

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரே சட்டம்தான். கோபப்பட்டவன் தோற்றான். எந்த நடிகரை எவ்வளவு கேவலமாகப் பேசினாலும், யார் படம் ஊத்திக்கொண்டாலும், சிரித்துக்கொண்டே பதில் போட வேண்டும். சூடானவன் எல்லோரையும் பார்டர் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போய் வயிறு நிறைய வாங்கித்தர வேண்டும். தென்காசியில் ஒன்றாகப் படித்த பதினோரு பேர், நாற்பதை நெருங்கும் ஆட்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். சட்டத்தை எழுதியவன் நான். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன சாரல் சமயத்தில் என் அபிமான நடிகர் படத்துக்கு அப்பாவையும் கூட்டிப்போனேன். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தில் ஒரு வயதான ஏட்டு வருகிறார். அவருடைய மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இளவட்ட அதிகாரி அவரை வாடா போடா என்று திட்டி, தன் ஷூவைத் துடைக்கச் சொல்கிறான். அடுத்து ஹீரோ வந்து அவனை அடிக்கப்போகிறார் என்று தெரிந்து தியேட்டரே விசிலடித்தது. அப்பா மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முப்பது வருஷம் எதையெல்லாம் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாரோ. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நன்றாகப் பார்த்திருக்கிறான், போனில் படமும் எடுத்திருக்கிறான். எங்களோடு படத்துக்கு வந்த அவனும் குழுவில் ஒருத்தன், என் கூட்டாளி, இலத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மறுநாள் காலை குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்து விழுந்தது. அப்பாவின் அழுத முகம், பொத்திய துண்டு, கீழே 'முழுப் படத்தையும் பாத்துட்டேன்' என்று எழுத்து, படம் அவ்வளவு மொக்கையாம்.

பத்துப் பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கோபத்தைக் காட்டினால் தோற்றேன். சிரிக்கிற பொம்மைகள் மூன்றைப் போட்டேன். அதோடு விட்டேனா? அடுத்த மாதம் அவன் நடிகர் படம் படுத்தபோது அதே ஸ்டிக்கரை நானே அவனுக்கு அனுப்பினேன். அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஸ்டிக்கர் ஒரு குழுவுக்குள்ளேயே கிடக்குமா? வடகரை, சிவகிரி என்று ஊர் ஊராகச் சுற்றி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் குழுவுக்கும் போய்விட்டது. ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் அப்பா போனை நீட்டினார்.

"இதுல இருக்கது நாந்தானலே?"

"ஆமாப்பா."

"முன்னமே பாத்திருக்கியோ?"

"பாத்தேன்."

"செஞ்சவன் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அவன்ட்ட ஒண்ணும் கேக்கலியாலே?"

போனைத் திருப்பி நீட்டினேன். அப்பா போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, போ. நேரமாவுதுல்லா" என்றார்.

வேலைக்குப் போகவில்லை. நேராக இலத்தூருக்குப் போய்க் கடைக்குள் நுழைந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

அவன் பதறவில்லை. "நீதானலே மொதல்ல சிரிச்ச? எனக்கே அனுப்பவும் செஞ்ச. இப்பம் எதுக்குத் துள்ளுத?" என்றான்.

அடித்திருப்பேன். அவன் சொன்னது உண்மையாக இருந்ததால் கை ஓங்கவில்லை, ஆத்திரம்தான் ஓங்கியது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடி, எனக்குத் தெரிந்த கெட்டவார்த்தை அத்தனையையும் குழுவில் கொட்டினேன். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது: 'தோத்துட்டான்லே. பார்டருக்கு எப்பம் போவோம்?' அதன் கீழே நாலு பேர், வரிசையாக, அப்பாவின் முகத்தையே போட்டிருந்தார்கள்.

குழுவை விட்டு வந்து பல மாதமாகிறது. அவர்கள்மேல் உள்ள கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது.

அப்பா என்னோடு சண்டை போடவில்லை. தியேட்டருக்கு மட்டும் வருவதில்லை. கூப்பிட்டால், "நீ போயிட்டு வா, எனக்குக் கால் வலிக்கு" என்கிறார். மத்தியானங்களில் டிவியில் பழைய படம் பார்க்கிறார். நேற்று நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே ஏதோ படத்தில் யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழும் சத்தம் வாசல்வரை கேட்டது. கதவைத் திறந்ததும் அப்பா ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றினார்.

"குத்தாலத்துல தண்ணி கூடுதலா விழுதாம். குளிக்க விடலியாம்" என்றார், முகத்தை என் பக்கம் திருப்பாமலே.