கண் திறந்தபடி ஒரு மயக்கம்

போன கிழமை பத்திரிகையின் இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? விசாரித்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்று ஆசிரியர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

காரணம் ஒரு மாடு. கனகராயன்குளத்துக்குக் கிட்ட, ஏ-9 வீதியின் நட்ட நடுவில் அசைபோட்டபடி நின்றது. சமாதான காலம், வீதி திறந்தாயிற்று, வாகனங்கள் பறக்கின்றன. மாட்டுக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை வெட்டித் திருப்பினேன். மாடு அசையவில்லை. நான்தான் அசைந்தேன்... வாய்க்கால் வரைக்கும்.

வலது மணிக்கட்டு முள்ளுக்கரண்டி போல வளைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"விறைக்குதோ?"

"ஓம்."

"அப்ப இண்டைக்கே எலும்பை இழுத்து நேராக்க வேணும். விட்டால் விரல் வழங்காது, மடக்கவும் ஏலாது. என்ன தொழில்?"

"எழுதுறனான்."

"என்ன எழுதுறனீங்கள்?"

"நகைச்சுவை."

கையை இன்னொரு முறை பார்த்தார். "சரி, எதுக்கும் நேராக்குவம்" என்றார்.

மயக்க வாயு கொடுக்கும் மெஷின் அங்கே இல்லை. இருந்தாலும் கரண்ட் இல்லை. ஆகவே கெற்றமின் என்ற ஊசி. பெரிய ஆரவாரமில்லாத மருந்தாம். மூச்சு தன்பாட்டில் போகும், இதயம் தன் வேலையைப் பார்க்கும், கண்கூடத் திறந்திருக்கும் — ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டார். பல வருடங்களாக நான் கூட்டங்களில் தலைமையுரை கேட்பது இப்படித்தான். அதற்கு ஊசி இருப்பது தெரியாமல் போயிற்று.

"ஒரு விசயம்" என்றார் டொக்டர். "இது கனவு காட்டும். தெளியேக்க சில பேர் பயந்து கத்துவினம். அதைக் குறைக்க இன்னொரு மருந்தும் போடுவன். ஆனால் நீங்களும் நல்லதா ஒண்டை நினைச்சுக்கொண்டு வாங்கோ. கொண்டு போறதுதான் உள்ளுக்கும் வரும்."

காலையில் சாப்பிட்ட இடியப்பம் செமிக்க வேண்டும் என்பதால் பின்னேரம்வரை அவகாசம். ஒரு நல்ல நினைவு — அவ்வளவுதானே?

அடுத்த கட்டிலில் நிசாம் நானா. முல்லைத்தீவு வியாபாரி. இடம்பெயர்ந்து போய், இப்போதுதான் திரும்பி வந்தவர். காலில் ஆணி ஏறிப் புண் பழுத்து, அதே ஊசி போட்டுத்தான் வெட்டிக் கழுவினார்களாம்.

"நோகுமோ நானா?"

"நோவோ? நான் முகட்டில நிண்டு கீழ கிடக்கிற என்னைப் பாத்தன், தம்பி. என்ர வழுக்கை இவ்வளவு பெரிசெண்டு அண்டைக்குத்தான் தெரியும்!"

சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நான் ஒரு பிழை விட்டிட்டன். நல்லதை நினைக்கச் சொன்னாவோ... நான் என்ர பழைய கடையை நினைச்சிட்டன். மா மூட்டை, தராசு, வாசல்ல ஆக்கள்... எல்லாம் அப்பிடியே வந்தது. தெளிஞ்சாப் பிறகு ஒரே அழுகை. நேர்சம்மான்ர கையை விடவேயில்லையாம். நீங்க கடை, வீடு, வளவு ஒண்டையும் நினைச்சுப் போடாதீங்கோ."

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. கடை வேண்டாம், வீடு வேண்டாம், வளவு வேண்டாமென்றால் மிச்சம் என்ன? எங்கள் ஆட்களிடம் நல்ல நினைவுகள் இல்லாமலில்லை. ஆனால் எதை இழுத்தாலும் அதன் பின்னால் ஒரு மூட்டை முடிச்சும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் பிரிக்கிற கத்தரிக்கோல் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

பின்னேரம் டொக்டர் வந்தபோது, பேச்சை வளர்த்து நேரம் கடத்தப் பார்த்தேன். "உந்த மருந்து வேற எதுக்கு உதவும்?"

"கொஞ்சமாப் போட்டால் கடும் நோவுக்கு. மனச்சோர்வுக்கும் உதவுமோ எண்டு வெளிநாட்டில ஆராயினமாம்."

"அப்ப இங்க லொறியிலதான் இறக்க வேணும்" என்றார் நானா.

தள்ளுவண்டி வந்தது. பக்கத்தில் மனைவி.

"நினைக்க ஒண்டும் கிடைக்கேல்லையப்பா" என்றேன்.

"ஏன், எங்கட கலியாணத்தை நினையுங்கோவன்."

நான் யோசித்தேன். அரை நொடிதான். ஆனால் கலியாணம் கட்டிய எவரும் அந்த அரை நொடியை எடுக்கமாட்டார்கள்.

"ஓ... அதுக்கும் யோசிக்க வேணுமோ?" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் யோசித்தது வேறு. தாலி கட்டி முடிவதற்குள் மேலே இராணுவ ஹெலி வந்தது. மேளகாரர், ஐயர், மாப்பிள்ளை என்ற ஒழுங்கில் எல்லோரும் வாழைகளுக்குள் ஓடினோம். அந்த நாள் பாதிவரைக்கும்தான் நல்ல நாள். பாதியோடு நிறுத்து என்று ஊசியிடம் யார் சொல்வது? இதை விளக்குவதற்குள் வண்டி உள்ளே போய்விட்டது. வெறும் தலையோடு போனேன்.

என்ன பார்த்தேன்? சரியாக நினைவில்லை. வெளிச்சம்... காற்று... ஏதோ ஓடிக்கொண்டேயிருந்தது.

கண் தெளிந்தபோது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. விரல்களை அசைத்தேன், அசைந்தன. மனைவி கட்டிலருகே கதிரையில் — இன்னும் சுவரைப் பார்த்தபடி. டொக்டரிடம் முதலில் கேட்டது, "கத்தினனானோ?"

"கத்தேல்லை. கதைச்சீங்கள்."

"என்ன கதைச்சனான்?"

"பஸ்ஸில போறீங்களாம். பூநகரிப் பக்கம். ஒருத்தரும் சோதனைக்கு மறிக்கேல்லை, இறக்கி ஏத்தேல்லை எண்டு ஒரே சிரிப்பு." டொக்டர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். "பிறகு கொண்டக்டரோட சண்டை. 'தள்ளி நில்லும், அவா யன்னல் பக்கம் இருக்கட்டும், அவாக்குக் காத்து வேணும்' எண்டு. எலும்பை இழுத்து முடியுமட்டும் அதுதான் கதை."

மருந்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மனைவி சுவரைப் பார்ப்பதை விட்டார். எழுந்து வந்து என் போர்வையைச் சரிசெய்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"முழிப்பா இருக்கேக்க ஒருநாளும் என்னை யன்னல் பக்கம் இருக்க விட்டதில்லை."