இல்லை என்று சொன்ன தகப்பன்

பீலெஃபெல்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உடற்பயிற்சி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் என்னிடம் ஒரு சீனப் பிள்ளை படித்தாள். பெற்றோருடன் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம். கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. என் பாடத்தில் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். பந்து தன் பக்கம் வந்தால் இரண்டு கைகளாலும் முகத்தை மறைப்பாள். ஓடச் சொன்னால் ஓடுவாள். ஓடி முடித்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் கையிலிருக்கும் நேரம் எடுக்கும் மணிக்கூட்டைத்தான் பார்ப்பாள்.

உடம்புக்கும் ஒரு எழுத்தறிவு உண்டு என்று எங்களுக்குப் பயிற்சியில் படிப்பித்திருந்தார்கள். தன் உடம்பை அறிவது, அதை நம்புவது, வாழ்நாள் முழுக்க அதை ஆசையோடு அசைப்பது. அதை வைத்துப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு அரிச்சுவடியே தெரியாது என்று முடிவு கட்டினேன். சீனக் குடும்பம், படிப்பு படிப்பு என்றுதான் இருப்பார்கள் என்ற எண்ணமும் அந்த முடிவுக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. தகப்பன் மட்டும் வந்தார். தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்து, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். நாங்கள் கதைத்தது ஜெர்மனில். ஆனால் என் மனதில் அது என் பாஷையில்தான் தங்கியிருக்கிறது.

“மகள் வீட்டில ஏதாவது ஸ்போர்ட் செய்யிறவவோ?” என்று கேட்டேன்.

யோசித்தார். “இல்லை.”

“ஒண்டும் இல்லையோ?”

“ஸ்போர்ட் எண்டு ஒண்டும் இல்லை.”

அந்த இடத்தில் நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஒரு பெற்றோருக்குப் பத்து நிமிடம், கதவுக்கு வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். “படிப்பைக் கொஞ்சம் குறைச்சு, ஒரு கிளப்பில சேர்த்துவிடுங்கோ. ஹேண்ட்பால் நல்லது. எல்லாரோடயும் சேர்ந்து விளையாடினால் பயம் போயிடும்,” என்றேன். ஹேண்ட்பால் என்று எழுதி அதன் கீழே கோடு போட்டார். எழுந்து, தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே சேர்த்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெப்ரவரியில் அவள் சுட்டுவிரலில் கட்டோடு வந்தாள்.

“என்ன நடந்தது?”

“பந்து பட்டது.”

“பழகிடும்,” என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளிடம் போனேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். புல்வெளியில் பத்துப் பேர் வட்டமாக நின்று எதையோ உதைத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய உலோகத் தட்டில் நாலைந்து இறகுகளைச் செருகிய ஒரு சாமான். கை படக்கூடாது, நிலத்திலும் விழக்கூடாது. காலால், முழங்காலால், நெஞ்சால் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த பெண் ஒருத்தி, சிறுபிள்ளைகள் இரண்டு பேர், நடுவயதுக்காரர்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கண்டு கையசைத்தார். அந்தத் தகப்பன்தான்.

சைக்கிளை நிறுத்தினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சந்திப்பில் பார்த்த மனிதர் போலவே இல்லை.

“ஒவ்வொரு ஞாயிறும் கூடுவம். எங்கட ஊரில எண்டால் ஒவ்வொரு நாளும். பின்னேரம் சாப்பிட்டிட்டு சதுக்கத்துக்குப் போனால் கொஞ்சப் பேர் இதை உதைப்பினம், கொஞ்சப் பேர் ஆடுவினம், வயசு போன ஆக்கள் மெதுவாக் கையைக் காலை அசைச்சுக்கொண்டு நிப்பினம்.”

“அப்ப நீங்கள் ஸ்போர்ட் செய்யிறனீங்கள்தானே?”

“இது ஸ்போர்ட் இல்லையே,” என்று சிரித்தார். “உடம்பைப் பாக்கிறது, பல்லு விளக்கிற மாதிரி. ஸ்போர்ட் எண்டால் பள்ளிக்கூடத்தில செய்யிறது. ஓட விட்டு நேரம் எடுப்பினம், புள்ளி போடுவினம். பிறகு பெரிய சோதினைக்கு அந்தப் புள்ளியும் சேரும். மகள் சீனாவில அப்பிடி ஓடிச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தவள்.”

மணிக்கூட்டைப் பார்க்கும் அந்தக் கண்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின.

“மகள் இஞ்ச வாறேல்லையோ?”

“முந்தி வந்தவள். இவ்வளவு பேருக்குள்ளயும் அவள்தான் கெட்டிக்காரி. முதுகுக்குப் பின்னால விழுறதைத் திரும்பிப் பாராமலே குதிக்காலால எடுப்பாள். இப்ப ஞாயிறில ஹேண்ட்பால் மட்ச். நீங்கள் சொல்லாட்டில் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மிச்சம் நன்றி.”

அந்த மனிதர் மனதாரத்தான் சொன்னார். நான் “நல்லது” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்தச் சந்திப்பில் ஸ்போர்ட் பற்றி மற்ற எவரும் அப்படிக் கேட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் கேட்டிருக்கக் கூடாது. எனக்குப் பதினொரு வயதில் இதே நகரத்தில் ஒரு ஆசிரியை என் அப்பாவிடம் இதே கேள்வியைக் கேட்டாள். அப்பாவுக்கு ஜெர்மன் போதாது, நான்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். அப்பாவும் “இல்லை” என்றுதான் சொன்னார். ஞாயிறுகளில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கீறி, மூச்சு வாங்க வாங்கக் கிளித்தட்டு மறித்து ஓடி விளையாடியது அப்பாவின் கணக்கில் ஸ்போர்ட் இல்லை. “உங்கட ஆக்கள் பிள்ளையளைப் படிக்க மட்டும்தான் விடுவினம்,” என்றாள் அந்த ஆசிரியை. நான் அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. “நல்லாப் படிக்கிறாளாம்” என்று மாற்றிச் சொன்னேன்.

அம்மாவுக்கு டெலிபோன் எடுத்து முழுவதையும் சொன்னேன்.

“அவருக்குச் சொன்னனியோ?”

“இல்லையம்மா.”

“அப்ப எனக்கு ஏன் சொல்லுறாய்?”

அப்படியும் எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. தகப்பனுக்கு அழைத்து, நான் கேட்ட கேள்வி பிழை, கொடுத்த புத்தி அதைவிடப் பிழை, மகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை நான்தான் காணவில்லை என்றேன்.

“அவள் போகமாட்டன் எண்டு அழுதவள்,” என்றார் தகப்பன். “ரீச்சர் சொன்னவ எண்டு நான்தான் அனுப்பினன்.”

அந்தக் கிழமையே ஹேண்ட்பாலை நிறுத்தினார்கள். நான் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாடம் முடிந்து மற்றவர்கள் உடுப்பு மாற்றப் போனபிறகு, உடற்பயிற்சி மண்டபத்தின் நடுவில் நின்று கேட்டேன். “பரவாயில்லை,” என்றாள்.

“ஞாயிறில திரும்பப் போறனியோ?”

“இல்லை. நீங்கள் சொன்னதை அப்பா எல்லாருக்கும் சொல்லிட்டார், இப்ப போனால் நான் எப்பிடி உதைக்கிறன் எண்டு எல்லாரும் பாப்பினம். முந்தி ஆரும் பாக்கேல்லை.”

என்ன செய்வதென்று தெரியாமல், அந்த இறகுச் சாமானை வகுப்புக்குக் கொண்டுவருவோமா, மற்றப் பிள்ளைகளுக்கும் நீ காட்டலாமே என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றாள் உடனே. “பிறகு நீங்கள் அதுக்கும் புள்ளி போடுவீங்கள்.”

அவளைப் பற்றிய பள்ளிக்கூடக் குறிப்பில், உடம்பை அசைப்பதில் நாட்டமில்லாத குடும்பம் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டுவித்தேன். கோடையில் தகப்பனுக்குத் தெற்கே வேறு வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். கடைசி நாள் அவள் எனக்கும் கை கொடுத்து, மற்ற ஆசிரியர்களுக்குச் சொன்னதைப் போலவே மரியாதையாக நன்றி சொன்னாள். அங்கே அவள் மறுபடி அந்த இறகுச் சாமானை உதைக்கக் காலைத் தூக்கினாளா என்று கேட்டு எழுத என்னிடம் விலாசம் இருக்கிறது. நான் இன்னும் எழுதவில்லை.