கதாநாயகன் பூசிக்கொண்ட நிறம்

தஞ்சாவூரில் மதியக் காட்சி. ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி எடுத்த படம், தமிழில் பேசியது. என் மகள்தான் அழைத்துப் போனாள். திரை முழுக்கக் கருப்பு மனிதர்கள். நீதிபதி, டாக்டர், நட்சத்திரங்களுக்குக் கப்பல் ஓட்டும் பெண் என எல்லாரும் என் நிறம். சிலர் என்னைவிடவும் கருப்பு. கருப்புக் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தால் அப்படி மின்னும் என்று அன்றுதான் பார்த்தேன். வீட்டுக் கண்ணாடியிலேயே பார்த்திருக்கலாம். பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. பேருந்துக்காக நிற்கையில் மகள் கேட்டாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நம்ம ஆளுங்களையே பாத்த மாதிரி இருந்துச்சு."

"ஆமா. ஆனா காசு போட்டது யாருன்னு யோசிச்சீங்களா? அந்தக் கம்பெனில மேல உக்காந்து சரின்னு சொல்றவங்கள்ல இந்தக் கலர்ல எத்தனை பேரு இருப்பாங்க? இவ்வளவு நாளு திருடனாவும் வேலைக்காரனாவும் காட்டுனவங்கதானே. இப்ப பெருமை நல்லா விக்குதுன்னு தெரிஞ்சு அதை விக்கிறாங்க."

"யாரு போட்டா என்னம்மா, காட்டிட்டாங்கல்ல."

"அதாம்ப்பா எனக்கும் புரியல. அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு."

நிறத்தைப் பற்றி அவளிடம் பேச எனக்கு வாய் கிடையாது. அவளுக்குப் பதினான்கு வயதானபோது, ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள், "பொண்ணு அப்பனையே உரிச்சு வச்சிருக்கு, பாவம்" என்றார்கள். மறுநாளே குடவாசல் போய் சிவப்பழகு கிரீம் ஒன்று வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த மாதமும் வைத்தேன். இரண்டு வருடம் வைத்தேன். அன்றிலிருந்து அவள் புகைப்படத்துக்கு நிற்பதில்லை. கல்லூரிக்குப் போய் இவ்வளவு படித்தும் நிற்பதில்லை. அது யாரால் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

நாங்கள் அந்தப் படம் பார்த்த வருடமே, சம்பா பச்சை பிடித்த சமயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சினிமா கம்பெனி வந்தது. வயலில் உழைத்த கருப்பு ஜனங்கள் தலைநிமிர்ந்த கதை என்றார்கள். நான் குத்தகைக்குச் செய்யும் வயலை ஒட்டித்தான் கேமரா வைத்தார்கள். காலையில் ஒரு இயந்திரம் புகையைக் கக்கும். அது நாற்றுகளின் மேல் பனிபோல் படுத்துக்கொள்ளும். கொக்குகள் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு அதற்குள்ளேயே இறங்கி மேயும். தினம் மிதிக்கும் வரப்பில் நின்றுகொண்டு, இது எந்த ஊர் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கதாநாயகன் நல்ல சிவப்பு. அவரைக் கருப்பாக்க வேண்டும். மேக்கப்மேன் இரண்டு மூன்று டப்பாக்களைக் குழைத்துப் பார்த்துத் திருப்தியில்லாமல் சுற்றும்முற்றும் தேடினார். மடை திறக்க வந்த என்மேல் கண் விழுந்தது.

"அண்ணே, கொஞ்சம் கையைக் குடுங்க."

மண்ணைக் கழுவிவிட்டு நீட்டினேன். என் முன்கையைக் கதாநாயகனின் கன்னத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தார். "இதுதான்யா கலர்! இன்னொரு சுத்து போடு" என்று உதவியாளரிடம் கத்தினார். அன்றுமுதல் தினமும் காலையில் என் கையைக் கூப்பிடுவார்கள். நாற்காலி போட்டார்கள். பெரிய நடிகரின் மூச்சு என் கைமேல் படும். அவர் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக என் கையாக மாறும். இந்த நிறம் வேண்டும் என்று ஒருவர் தேடி வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் நாளே வீட்டில் சொன்னேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கப்பா கலரைத்தான் ஹீரோ பூசிக்கிறாரு" என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கு லீவுதானே, நானும் வர்றேம்ப்பா" என்றாள். அவள் முகம் அப்படி இருந்து பார்த்துப் பல வருடமாகிறது.

மறுநாள் அவளுக்கு முன்பே நான் வயலுக்குப் போனேன். சினிமா கம்பெனியின் வேன் டிரைவரோடு டீ குடிக்கையில், யார் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"தெரியாதாண்ணே? அந்த சிவப்பழகு கிரீம் கம்பெனி மொதலாளிதான். வெள்ளையாக்குறதும் அவரு, கருப்பாக்குறதும் அவரு!"

கிரீமின் பேரையும் சொன்னார். நான் வாங்கிய அதே பேர். டீ ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். சொல்லாமல் விட்டால் அவள் சந்தோஷமாக வந்து பார்த்துவிட்டுப் போவாள். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் இன்னொரு தடவை அந்தக் கம்பெனியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

புகைக்குள்ளிருந்து அவள் வரப்பில் நடந்து வந்தாள். வாய்க்கால் மதகருகே நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும்ப்பா. முத நாளே போன்ல தேடிப் பாத்துட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"கையை நீட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்றவள் திடீரென்று சிரித்தாள். "யாரு காசுன்னு கேட்டா, நம்ம காசும்தாம்ப்பா. ரெண்டு வருஷம் மாசாமாசம் கட்டியிருக்கோம்ல. நாமளும் புரொடியூசர்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதை வாங்கிட்டு வந்தது தப்புதாம்மா" என்றேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்றது, சொல்லும்போது மூன்று நான்கு வார்த்தைதான்.

பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எரியும்ப்பா. கண்ணுக்குக் கீழ ரொம்ப எரியும். அப்பா வாங்கியாந்ததாச்சேன்னு பூசிக்குவேன்" என்றாள்.

அந்தப் பக்கம் மேக்கப்மேன் என் கையைக் கூப்பிட்டார்.

"போகட்டுமா, வேணாமா?" என்றேன் அவளிடம். அவள் சொல்வதைக் கேட்டுத்தான் போவது என்று நின்றேன்.

"போங்க. கலர் உங்களோடது. ஆனா கைக்குச் சம்பளம் கேளுங்க. இது வரைக்கும் ஓசியிலதானே குடுத்தீங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். கையை நீட்டுவதற்கு முன்னால், தலை குனிந்தபடி, குரல் எழும்பாமல், கேட்டேன்.