என் ரத்தம் பி தான்

அவலூர்பேட்டைச் சந்தையில் வேர்க்கடலை விதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கால் இடறி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காலில் கயிறு கட்டி, அதன் நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். ஆபரேஷன் முடியும்வரை புரண்டு படுக்கக்கூடாது. லைன்மேனாக ஊரெல்லாம் மின்கம்பம் ஏறியவன் நான். இப்போது ஒன்றுக்குப் போகக்கூட மகள்தான் பாத்திரம் எடுத்துத்தர வேண்டியிருந்தது.

உடம்பில் ரத்தம் போதவில்லை, ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"என்து பி பாசிட்டிவ் சார். எத்தினியோ பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றேன்.

உண்மைதான். பிரசவம், விபத்து என்று யார் கூப்பிட்டாலும் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கை நீட்டியிருக்கிறேன்.

மறுநாள் ரத்தம் வரவில்லை. ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

"ஐயா, உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"இல்லம்மா. குடுத்துத்தான் பழக்கம்."

"அணுக்களை வச்சுப் பாத்தா பி-ன்னு வருது. ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கிற நீரை வச்சுப் பாத்தா ஏபி மாதிரி காட்டுது. ரெண்டும் ஒத்துப்போகாம ரத்தம் தரமுடியாதுங்க."

மகள் என் பக்கம் குனிந்தாள். "நைனா, உனக்கு நல்லா ஞாபகம் இருக்குதா?"

"இன்னா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சின்றியா?" என்று கத்திக்கொண்டே எழப் பார்த்தேன். கயிறு இழுத்தது. இடுப்பில் உயிர் போவதுபோல் வலித்தது. அப்படியே சரிந்தேன்.

அந்தப் பெண் பதறாமல் சொன்னாள். "பி குரூப்காரங்க ரத்தத்துல, ஏ குரூப்பை எதிர்க்கிற சத்து ஒண்ணு இருக்கும். வயசாக ஆக சில பேருக்கு அது குறைஞ்சிடுது. உங்களுக்கும் அதாத்தான் இருக்கணும். ஆனா உறுதி பண்ணணும். குளிர்ல வச்சு, கூடுதலா நேரம் விட்டு மறுபடி பாக்கறோம்."

பல் போனது, கண் மங்கியது எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தவை. இது உள்ளே இருந்ததும் தெரியாது, குறைந்ததும் தெரியவில்லை.

அன்று முழுக்க மின்விசிறியையும் கூரையில் இருந்த ஈரக்கறையையும் பார்த்துக்கிடந்தேன். ஜன்னலில் கோட்டை மலையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அதைச் சரியாகப் பார்க்கக்கூடத் தலையைத் தூக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் வந்த பக்கத்துக் கட்டில்காரரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடத்தான் கால் இல்லை.

சாயங்காலம் மகள் வேகமாக உள்ளே வந்தாள். "பி-தானாம் நைனா! குளிர்ல வச்சதும் அந்த எதிர்ப்பு லேசாத் தெரிஞ்சிச்சாம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

ரத்தம் ஏறியபோது கை சில்லிட்டது. யார் கொடுத்ததோ. நான் கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் படுத்திருந்தவர்களைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடக்கிறேன். மகள் வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

"கோச்சிக்காத நைனா. மறுபடியும் நீ வியுந்தா என்னால தாங்க முடியாது" என்கிறாள்.

சரி என்று தலையாட்டுகிறேன். அவள் போனதும் கேட்வரை மெல்ல நடந்துபோய்ப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன்.