தெற்கு மூலையில் மண் நிறம் மாறியிருந்தது

நிலத்தைத் தோண்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு என்றால், நீங்களும் என்னைப் போல "தங்கம் ஏதாவது கிடைத்ததா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவராகத்தான் இருப்பீர்கள். நான் குடியிருக்கும் மல்காஜ்கிரியில் எங்கள் சர்ச் வாசலிலும் இதே கேள்விதான்.

செருப்பைக் கழற்றியவர்

பட்டான்செருவைத் தாண்டி ஒரு பருத்திக் காடு. அதன் வழியாகப் புதுச்சாலை வரப்போகிறது. ஜேசிபி இறங்குவதற்குள் அங்கே புதைந்திருக்கும் பழங்காலத்துப் பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அதுதான் எங்கள் வேலை. பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நட்டிருந்த கல்வட்டத்துக்கு நடுவே ஒரு பானை தெரிந்தது, பக்கத்திலேயே எலும்புகள். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

நிலத்துக்காரர் மல்லையா தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்தார். செத்தவருக்குப் பேர் என்ன என்று தெலுங்கில் கேட்டார். அதெல்லாம் தெரியாது என்றேன். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேர் தெரியாதவங்களுக்கா இவ்வளவு மெதுவா தோண்டுறீங்க?"

என் சந்தோஷம்

ஒருமுறை வெட்டி மூடிய மண் மறுபடி பழைய நிறத்துக்கு வராது. எங்களுக்குச் சோறு போடுவதே அந்த நிறம்தான். தெற்கு மூலையில் மேல்மண்ணைச் சுரண்டியபோது, சின்னதாக, நீளவாக்கில், கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. "குழந்தைப் புதைகுழி!" என்று கத்தியே விட்டேன். அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மல்லையா நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "அது என் பொண்ணும்மா. பேரு சிரிஷா."

சேகரின் வண்டி

அவர்கள் வழக்கப்படி சொந்த நிலத்திலேயே புதைத்திருக்கிறார்கள். மேலே கல் வைக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அவள் பழங்காலத்தவள் இல்லை, எடுக்க வேண்டியதில்லை; சாலைக்காரர்களைப் பொறுத்தவரை அது வெறும் மண். அப்படியே விட்டால் அவள் மேல் தார் ஊற்றிவிடுவார்கள். தோண்டி எடுக்க அனுமதி கேட்டு மல்லையா தாசில்தார் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில் ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் சேகர் தர்மபுரிக்காரர். கல்வட்டத்து எலும்பிலிருந்து சிரிஷா வரை எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினை அணைத்தார்.

மல்லையா அனுமதியோடு திரும்பினார். அதே பிரஷ்ஷோடு உட்கார்ந்தோம். கிடைக்கும் எலும்புகளை வைக்கும் எங்கள் பெட்டி ஒன்றில் மல்லையா தன் காட்டுப் பருத்தியைப் பரப்பினார். சாலைக்கு அந்தப் பக்கம் அவருக்கு மிஞ்சிய துண்டு நிலத்தில் அவளை மறுபடி புதைப்பதாக ஏற்பாடு.

சாலைக்காரர்களிடமிருந்து சேகரின் போன் விடாமல் அடித்தது. எடுத்து ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்: "வண்டில ஓஸ் பைப் வெடிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன் மேடம். அந்தப் பழைய ஆளுக்குத் தோண்டுன மாதிரியே மெதுவா தோண்டுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் பேர் தெரிந்து நான் தோண்டி எடுத்தது ஒரே ஒருத்தியைத்தான், அவளுக்கு மியூசியத்தில் இடம் கிடையாது.