முத்துத்தாய் கட்டிப் பார்த்த கோடி

வில்லாபுரத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றிவந்த முத்துத்தாய், தான் எப்போது சாகவேண்டும் என்பதை 1970ஆம் ஆண்டு வைகாசியில் தானே முடிவுசெய்தாள். பெரிய பெரிய ஆட்களுக்கே வாய்க்காத அதிகாரம். அதை அவள் மனுப் போட்டு வாங்கவில்லை. மகனின் காதுகுத்தில் தம்பியோடு சண்டை போட்டு வாங்கினாள்.

காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரவேண்டும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த அவள் மகன் சோணைமுத்துவுக்குக் கூடப்பிறந்த மாமன் ஒரே ஒருவன்தான்: சிவனாண்டி. நாகமலைக்கு மேற்கே காடும் கிணறும் உள்ள சம்சாரி. சீர்வரிசையை லாரியில் ஏற்றி மேளதாளத்தோடு கிளம்பியவன், நேராக வந்து சேர்ந்திருந்தால் இந்தச் சரித்திரமே கிடையாது. காளவாசலில் நாலு பேர் பார்க்கட்டுமே என்று லாரியை நிறுத்தி வேட்டுப் போடச் சொன்னான். முதல் வேட்டுக்கே சீர்க்கிடா கீழே குதித்தது. பட்டுவேட்டி கட்டிய தாய்மாமன் சைக்கிள்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே கிடாவை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வில்லாபுரத்தில் ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ள வந்துரட்டுமே" என்றான் முத்துத்தாயின் புருஷன் வீரணன். அந்த வீட்டில் அவன் சொல்லி எதுவும் நின்றதில்லை.

"ராகுகாலம் ஒன் மாப்ளைக்காக நிக்குமா?" என்றாள் முத்துத்தாய். தன் பெரியப்பன் மகன் ஒருவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காதைக் குத்தச் சொல்லிவிட்டாள்.

கிடாவோடும் கிழிந்த வேட்டியோடும் வந்து இறங்கிய சிவனாண்டி, அடுத்தவன் மடியில் அழுதுகொண்டிருந்த மருமகனைப் பார்த்தான். மேளம் தானாக நின்றது.

"என் மடிக்கு என்ன வந்துச்சு? இனி நீ செத்தாலும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"நீ கோடி கொண்டாந்து போடாம நான் சாகமாட்டேன்டா, போ!"

கோடி என்பது செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச்சேலை. அது மேலே விழாமல் பாடை எழும்பினால், பிறந்த இடத்தில் இவளுக்கு நாதியில்லை என்று ஊருக்குத் தண்டோரா போட்டது மாதிரி. தம்பி வரமாட்டான், அவன் வராமல் அக்கா சாகமாட்டாள். இரண்டு சத்தியமும் எதிரெதிரே லாரிகள் போல நின்றன. பின்னால் எடுக்க இருவருக்கும் தெரியாது.

வாக்குத் தவறாத முத்துத்தாய் அதன்பின் சாகாமலே இருந்தாள். மஞ்சள்காமாலை வந்தது, சாகவில்லை. எருமை முட்டி விலா எலும்பு முறிந்தது, எருமைதான் விலைபோனது. தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால், "எந்தத் தம்பி?" என்பாள். ஆனால் மேற்கேயிருந்து யார் வந்தாலும், அங்கே மழை உண்டா, கிணற்றில் தண்ணி எம்புட்டுக் கிடக்கிறது என்று கேட்காமல் விட்டதில்லை. கிணற்றின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

1984ஆம் ஆண்டு ஒரு காலை, மாட்டுக்கொட்டகையில் மயங்கி விழுந்தாள். நாடி பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வீரணன் வாய்விட்டு அழுதான். அவ்வளவுதான், மொக்கைச்சாமி புறப்பட்டுவிட்டான். சாவுச்செய்தி சொல்லப் போவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. செத்தவர்களுக்கே தகவல் தெரியுமுன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவான் என்று பெயர். அவன் சைக்கிள் காளவாசலைத் தாண்டியிருக்கும்போது, முத்துத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"எருமையக் கறந்தாச்சா?"

அழுகை சட்டென்று நின்றது. மொக்கைச்சாமி கிளம்பிவிட்ட விவரம் தெரிந்ததும், அவனை மறிக்க ஆள் அனுப்பப் போனான் வீரணன்.

"ஒருத்தனும் போகக்கூடாது" என்று எழுந்து உட்கார்ந்தாள் அவள். "வாரானா இல்லையான்னு பாத்துர்றேன். அதுவரைக்கும் நான் செத்தவதான். சீனி தூக்கலா ஒரு காப்பி போடுய்யா."

பின்மதியத்தில் தெருமுனையில் கூப்பாடு கேட்டது. கையில் கோடிச்சேலையோடு சிவனாண்டி ஓடிவந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. "யக்கா! என்னையப் பெத்தவளே!" என்று கதறியபடி வாசப்படியை ஒரே தாவில் தாண்டி உள்ளே வந்தவன், நாற்காலியில் அமர்ந்து இரண்டாவது காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த பிரேதத்தைக் கண்டான்.

"வாடா. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

சிவனாண்டி கண்ணைத் துடைத்தான். பிறகுதான் கோபம் வந்தது. "நீ எல்லாம் மனுசியா? நான் வாரேன்" என்று திரும்பினான்.

"போ. கோடிய எங்க கொண்டு போற?"

வாசப்படியில் அவன் கால் நின்றது. கோடி என்று எடுத்த துணி திரும்ப வீட்டுக்குள் போகக்கூடாது. போனால் அந்த வீட்டில் ஒரு சாவு நிச்சயம் என்பது ஐதீகம். உயிரோடிருப்பவளுக்கு அதைக் கொடுக்கவும் கூடாது. உள்ளேயும் போகமுடியாமல் வெளியேயும் போகமுடியாமல், சேலையை ஏந்தியபடி வாசப்படிமேலேயே நின்றான். எந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்றானோ அதையே வெகுநேரம் மிதித்துக்கொண்டு நின்றான்.

முத்துத்தாய் எழுந்து சேலையைப் பிடுங்கினாள். அரக்குநிறச் சுங்குடி. விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மட்டமானதில்லை, கடையில் தேடி எடுத்தது.

"அரக்குதான் எனக்குப் பிடிக்கும்னு ஞாபகம் வச்சிருக்கியேடா."

தம்பி மூக்கைச் சிந்தினான். அவள் உள்ளே போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பார்த்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். "டேய் சோணை, மாமன் மடியில உக்காரு" என்றாள்.

மீசை அரும்பிய சோணைமுத்து, பெல்பாட்டத்தோடு நெளிந்தான். "யம்மா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும். அன்னைக்கும் பாத்துச்சுல்ல?"

அவன் உட்கார்ந்தான். சிவனாண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே மருமகனின் காதைத் தொட்டுப் பார்த்தான். துளை என்றோ தூர்ந்திருந்தது. "எந்திரிடா மாப்ள, தொடை மரத்துப்போச்சு" என்று அவன் சொல்வதற்கு நெடுநேரம் ஆனது.

அதன்பின் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் முத்துத்தாய் கே.கே. நகர் வரை பால் பாக்கி கேட்கப் போனாள். கோடி கட்டி வருகிறவளிடம் தவணை சொல்ல எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி விழுந்தாள். மொக்கைச்சாமி மறுபடி புறப்பட்டான்.

"போடா டேய், எருமையக் கறந்தாச்சான்னு கேட்டியா?" என்று சிரித்தான் சிவனாண்டி. ஆனாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான், வெறுங்கையோடு. தெருமுனையிலேயே கத்தினான்: "யக்கா, ஏமாத்துனது போதும். காப்பி போடு, வந்துட்டேன்."

தெரு வழிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வீரணன் மட்டும், "வா மாப்ள" என்றான்.

அவள் கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் சிவனாண்டி. பெரியாட்கள் அவசரப்படுத்தினார்கள். "கோடி எங்கப்பா? ராகுகாலம் வருது, தூக்கணும். முக்குக்கடையில ஒண்ணு எடுத்தாந்தாப் போதும்."

அவன் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்தான். துவைத்து மடித்து, மேலாகவே இருந்தது அந்த அரக்குச் சுங்குடி.

"கட்டுன சேலை கோடியாகாதுப்பா" என்றார் ஒருவர்.

"நான் என் அக்காளுக்குக் கொண்டாந்த கோடி இதுதான். அவ கட்டிப் பாத்து, நல்லாருக்குன்னு சொன்ன கோடி. கடையில எடுக்கிற எதை அவ அப்படிச் சொல்லப் போறா?"

"ராகுகாலம்ப்பா..."

"அன்னைக்கும் இதைத்தான சொன்னீங்க!" சிவனாண்டியின் குரலில் கூட்டம் அடங்கியது. "எனக்காக இந்த வீட்டுல ஒருத்தரும் நின்னதில்லை. இன்னைக்கு நிக்கணும்."

வீரணன் முன்னால் வந்தான். "நிக்கட்டும்" என்றான். அந்த வீட்டில் முதல்முறையாக அவன் சொல் நின்றது.

சிவனாண்டி சேலையை உதறினான். அக்காளின் மேல் விரித்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், தலைமாட்டிலிருந்து கால்வரை அவசரமே இல்லாமல் நீவிக்கொண்டிருந்தான். ராகுகாலம் வந்தது, நின்று பார்த்துவிட்டுப் போனது.