முதல் பட்டறை யாருடையது

எங்கள் கடைத்தெருவில் அவரை எல்லோரும் வரலாறு என்றுதான் கூப்பிடுவோம். "வரலாறு வர்றாரு, வாயைக் கட்டு" என்பது தெருவில் நிரந்தரக் கேலி. தபாலாபீசில் தபால்தலை விற்றுக்கொண்டிருந்த மனுஷன். ஓய்வு பெற்றபின் தெருவின் கதையை எழுத உட்கார்ந்தார். போன வாரம் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்தால் சற்று நேரம் எதுவுமே தெரியாதே, அப்படித்தான் இருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இரும்புத்தூள் கூட்டிப் பிழைத்து, பிறகு பாதிக் கடைகளுக்கு ஷட்டர் செய்து மாட்டியவன். என் கை படாத கதவு இங்கே குறைவு. தெருவில் முதல் வெல்டிங் பட்டறையும் நான் போட்டதுதான். எதிர்ச்சாரியில் இருக்கும் என் தம்பி, தான்தான் போட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். தொழிலைப் பிரித்துக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது.

வரலாற்றின் வேலைமுறையே தனி. பகைத்து முகம் பார்க்காத இரண்டு பேர் ஒன்றையே சொன்னால்தான் எழுதுவார். கூட்டாளிகள் சொன்னால், "இது பேசி வச்சது" என்று தள்ளிவிடுவார். வருஷத்தைக் கேட்க மாட்டார், "அப்போ பக்கத்துக் கடையில யாரு இருந்தா?" என்று ஆரம்பிப்பார். யாருக்கு யாரை ஆகாது என்பது அவருக்கு மனப்பாடம். என்னிடம் டீ குடித்த கையோடு தெருவைத் தாண்டித் தம்பியிடமும் குடிப்பார்.

"என்னய்யா, என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?" என்பேன்.

"பேச்சுல இருக்கு. பெருமையிலதான் இல்ல."

வேறு எவனாவது சொல்லியிருந்தால் சுத்தியல் பறந்திருக்கும்.

சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் அவர் மகள் பட்டறைக்கு வந்தது.

"பெரியப்பா, புத்தகம் அச்சாபீசுல இருக்கு. முதல் பட்டறை யாரோடதுங்கிற வரியை மட்டும் அப்பா விட்டுட்டுப் போயிட்டார். சாயங்காலம் அச்சு ஏறுது."

என் பெயர் புத்தகத்தில் ஏற வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு அந்த ஆசை எப்படிப்பட்டது என்று படித்தவர்களுக்குத் தெரியாது. தெருவைத் தாண்டினேன்.

தம்பி கிரில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வாங்கண்ணே. வழி தவறி வந்தீங்களா, தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"முதல் பட்டறை யாருது? அந்தப் பொண்ணு கேக்குது."

கம்பியைக் கீழே வைத்தான். வரலாறு வழக்கமாக உட்காரும் ஸ்டூல் சும்மா கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"உங்களுதுன்னே போட்டுக்கச் சொல்லுங்க. இனிமே யாருகிட்டண்ணே நான் மல்லுக்கு நிக்கப் போறேன்?"

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. கிடைத்தபோது சப்பென்று இருந்தது.

அச்சாபீசில் அந்தப் பொண்ணு பேனாவோடு உட்கார்ந்திருந்தது.

"ஒத்துக்கிட்டான்" என்றேன்.

"சித்தப்பா மனசாரச் சொன்னாரா, சலிச்சுப்போய்ச் சொன்னாரா?"

அப்பன் கேட்பது மாதிரியே. பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு அது ஒன்றும் புதுசில்லை.

"சலிச்சுப்போய்த்தாம்மா."

தலையாட்டிவிட்டு எழுதியது. படித்துக் காட்டச் சொன்னேன்.

"இத்தெருவின் முதல் பட்டறை யாருடையது என்பது தெரியவில்லை."

எனக்குத் தெரியும். இருந்தாலும், "சரி, ஏத்தச் சொல்லு" என்றேன்.